பெயர் விடுபட்ட பில் ஃபிங்கர்

நம் விடுதியில் தமிழர் இருவர் சந்தித்தால் பேச்சு தேர்வில் தொடங்கிச் சினிமாவில் முடியும். பேட்மேனாக நடித்தவர்களிற் சிறந்தவர் மைக்கேல் கீட்டனா, கிறிஸ்டியன் பேலா? மூலப் படக்கதைக்கு அருகில் நிற்கும் படம் எது? இவ்வழக்கில் நானும் ஓயாமல் வாதாடுபவன்தான். ஆனால், அந்த வௌவால் வீரனைக் கற்பனை செய்தவர் யார் என்று நாம் கேட்பது அரிது. கேட்டாலும், பாப் கேன் என்ற ஒரே பெயரைத்தான் எழுபத்தாறு ஆண்டுகள் அச்சும் திரையும் சொல்லி வந்தன. விடுபட்ட மற்றொரு பெயர் பில் ஃபிங்கர். அவருடைய வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் டென்வர் நகரில் பிறந்த ஃபிங்கர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தார். எழுத்தாளராகும் ஆசை நெஞ்சில் இருந்தது. வயிற்றுப்பாட்டுக்குச் செருப்புக் கடையில் விற்பனை வேலை. ஒரு விருந்தில் பாப் கேன் என்ற இளம் ஓவியர் நண்பரானார். கேனின் படங்களுக்கு ஃபிங்கர் கதை எழுதத் தொடங்கினார்.

1938-இல் சூப்பர்மேன் தோன்றிப் பெருவெற்றி கண்டதும், அவனைப் போல் இன்னொருவன் வேண்டுமென்று பதிப்பகத்தார் தேடினர். கேன் ஓர் உருவம் வரைந்தார். சிவந்த உடை, கண்களைச் சுற்றி ஒரு சிறு முகமூடி, விறைத்த இறக்கைகள். ஃபிங்கர் அகராதியில் இருந்த வௌவால் படத்தைக் காட்டி யோசனைகள் கூறினார். காது நிமிர்ந்த தலைக்கவசம் வந்தது, இறக்கை போய் மேலங்கி வந்தது, கையுறை வந்தது, உடை சாம்பல் நிறமாயிற்று. இன்று நாம் பேட்மேன் என்றதும் மனக்கண்ணில் காண்பது இவ்வுருவத்தைத்தான்.

1939-இல் வெளியான முதற் கதையை எழுதியவரும் ஃபிங்கரே. புரூஸ் வேய்ன் என்ற பெயரும் காதம் என்ற நகரின் பெயரும் அவர் இட்டவை. ராபினின் முதற் கதையும் ஜோக்கரின் முதற் கதையும் 1940-இல் அவர் பேனாவிலிருந்து பிறந்தன. 1928-ஆம் ஆண்டு மௌனப் படம் ஒன்றில் கான்ராட் வைட் சிரித்த அந்தக் கோரச் சிரிப்பை ஜோக்கரின் முகத்துக்கு முன்மாதிரியாகக் காட்டியவரும் அவரே. திரையிலிருந்து படக்கதைக்குப் போன சிரிப்பு, பின்னர் படக்கதையிலிருந்து திரைக்கே திரும்பியது!

ஆனால் பதிப்பகத்தாரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டவர் கேன் ஒருவரே. படைப்பாளர் என்ற பெருமை முழுவதும் அவர் பெயரில் எழுதப்பட்டது. ஃபிங்கருக்குக் கிடைத்தது எழுத்துக் கூலி. விந்தைச் செய்திகளைக் குறிப்பேடுகளில் சேர்த்து, அவற்றிலிருந்து கதை பின்னுவது அவர் வழக்கம். நிதானமாக எழுதுபவர், குறித்த நாளில் கதையைக் கொடுக்கத் தவறுவதும் உண்டு. வாதாடி உரிமை கேட்கும் இயல்பு அவரிடம் இல்லை.

1966-இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடராகிப் புகழின் உச்சிக்குச் சென்றது. அதில் இரு பகுதிகள் கொண்ட ஒரு கதையை ஃபிங்கர் நண்பருடன் சேர்ந்து எழுதினார். அக்கதையின் எழுத்தாளராக அவர் பெயர் திரையில் வந்தது. படைப்பாளராக வரவில்லை. தம் பிள்ளையின் வீட்டுக்கு ஒருநாள் விருந்தாளியாகப் போன தந்தையின் நிலை! 1974 ஜனவரியில், அறுபது வயது நிறையுமுன், நியூயார்க்கில் அவர் காலமானார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் ஊர்ப் பழமொழி. 1989-ஆம் ஆண்டுத் திரைப்படம் கோடிகளைக் குவித்தபோதும் படைப்பாளராகக் கேன் பெயர் மட்டுமே இருந்தது.

பின் உண்மை எப்படி வெளிவந்தது? ரசிகர்களால்! ஜெரி பெய்ல்ஸ் என்ற கல்லூரி ஆசிரியர், படக்கதைப் பித்தர், 1965-இலேயே ஃபிங்கரைக் கண்டு பேசி, அவருடைய பங்கை ரசிகர்களுக்கு எழுதினார். கேன் அப்போது அதை மறுத்தார். 1989-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் நண்பரின் பங்கை ஒப்புக்கொண்டார். மார்க் டைலர் நோபிள்மேன் என்ற எழுத்தாளர் தேடித் திரிந்து, ஃபிங்கருக்கு ஒரு பேத்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். 2012-இல் ஃபிங்கரின் வாழ்க்கையை நூலாக்கினார். பேத்தி உரிமை கோரினார். 2015 செப்டம்பரில் நிறுவனம் இணங்கியது. 2016-இல் வந்த படத்தில் கேனின் பெயரோடு ஃபிங்கரின் பெயரும் திரையில் இடம்பெற்றது. அவர் மறைந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சினிமாப் பேச்சு வெட்டிப் பேச்சு என்று நம் பெரியோர் கடிந்துகொள்வர். பெய்ல்ஸின் பேச்சை அப்படித் தள்ள முடியுமா? பதிப்பகம் மறந்த பெயரைக் காத்தது அந்தப் பேச்சே அன்றோ? கீட்டனா, பேலா என்ற வழக்கை நான் விடப் போவதில்லை. நீங்களும் விட வேண்டாம். அதனோடு, எழுதியவர் யார் என்ற கேள்வியையும் கேட்டுப் பழகுவோம். அப்போதுதான் நம் காலத்து ஃபிங்கர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கண்ணாரக் காண்பார்கள்.