தாய்க்குத் துணையாக வந்த ஐடா அம்மையார்

பிழைப்பை நாடி இம்மாநகரில் வந்து குடியேறிய நம்மவர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஓர் அச்சம் உறைந்து கிடக்கின்றது. ஊரில் விட்டுவந்த தாய் தந்தையர் நோயுற்றனர் என்னும் செய்தி என்று வருமோ என்பதே அது. முன்னாளில் தந்தியாய் வந்த அச்செய்தி இந்நாளில் கைப்பேசியில் வருகின்றது. பெங்களூர் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் பணியில் பல ஆண்டுகளைக் கழித்த யாம், அச்செய்தி கேட்டு ஓடிவருவோரை முகத்தைப் பார்த்த அளவிலேயே அறிந்துகொள்வோம். நோயாளிகளை உடன் அழைத்துக்கொண்டு காட்பாடிக்குச் சீட்டுக் கேட்போரும் பலர். காட்பாடியில் இறங்கினால் வேலூர். வேலூர் என்றால் மருத்துவமனை. அம்மருத்துவமனையைத் தோற்றுவித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரும், தாயார் நோயுற்றார் என்ற செய்தி கேட்டுக் கடல் கடந்து வந்தவரே. அவ்வரலாற்றை இம்மலர் வாயிலாக அன்பர்கட்குச் சொல்ல விழைகின்றோம்.

அம்மையாரின் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து 1819இல் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியவர். பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்து, பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். அவருடைய மக்களும் தமிழ்நாட்டிலேயே மிஷனரிகளாகப் பணிபுரிந்தனர். அவர்களுள் ஒருவராகிய இரண்டாம் ஜான் ஸ்கடர், சோபியா அம்மையார் ஆகியோரின் ஒரே மகளாக ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார்.

குழந்தைப் பருவத்திலேயே அவர் கண்ட காட்சி கொடியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், உணவை எடுத்து உண்ணவும் வலிவற்ற பிள்ளைகளின் வாயில் அச்சிறுமி தன் கையாலேயே ரொட்டித் துண்டுகளை ஊட்டினாள். பின்னர்க் குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தையார் பணிக்குத் திரும்பினார். தாயாரும் அவரைத் தொடர்ந்து வந்துவிட, மகள் சிக்காகோவில் உறவினர் வீட்டில் தனித்து நின்றாள். பெற்றோர் பிறர்க்குச் செய்யும் தொண்டுக்காகத் தன்னைப் பிரிந்தனர் என்பது அவ்விளம் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று. தான் ஒருநாளும் மிஷனரி ஆவதில்லை, இந்தியாவில் வாழ்வதில்லை என்று உறுதி பூண்டாள்.

1890ஆம் ஆண்டு மாசசூசெட்சு மாநிலத்து நார்த்ஃபீல்டு பள்ளியில் கல்வி முடிந்த தறுவாயில், தாயார் உடல்நலம் குன்றியிருக்கும் செய்தி வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தனர். தாயாரைப் பேணி, நலம் பெற்றதும் திரும்பிவிடுவது என்ற எண்ணத்துடனேயே ஐடா புறப்பட்டார். சில காலம் துணையிருக்க வேண்டும் என்பதற்கு மேல் வேறு கருத்து அவருக்கு இல்லை.

அங்கே ஓர் இரவு நிகழ்ந்தது அவர் வாழ்வையே மாற்றியது. அந்தணர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். வயதில் மிகச் சிறியவளான தம் மனைவி பிள்ளைப்பேற்றில் துன்புறுவதாகவும், ஐடா வந்து உதவ வேண்டும் எனவும் வேண்டினார். தாம் மருத்துவம் கற்றவர் அல்லர், தந்தையாரே மருத்துவர், அவரை அழைத்துச் செல்க என்றார் ஐடா. அயல் ஆடவர் தம் மனைவியைக் காண்பதினும் அவள் இறப்பதே மேல் என்று கூறி அவர் திரும்பினார். அதே இரவில் இசுலாமியர் ஒருவரும், உயர்குலத்து இந்து மற்றொருவரும் அடுத்தடுத்து வந்தனர். வேண்டுகோளும் அதுவே, மறுப்பும் அதுவே. பொழுது புலர்ந்ததும் சாவுப்பறை ஒலித்தது. பணியாளை விட்டு விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துபட்டனர் என்று தெரிந்தது.

மருத்துவர் வீட்டிலேயே இருந்தார், மருந்தும் இருந்தது. பெண் மருத்துவர் ஒருவர் இல்லாமையால் மூன்று உயிர்கள் போயின. இதனை எண்ணும்போது அக்கணவன்மாரை மட்டும் குறைகூறிப் பயன் இல்லை. அன்று நம் குடும்பங்கள் பலவற்றிலும் வழக்கம் அதுவாகவே இருந்தது. நம் பாட்டியரின் தலைமுறையில் பிள்ளைப்பேற்றில் மாண்டோர் எத்தனை பேர் என்று வீட்டு முதியோரைக் கேட்டால் தெரியும்.

அந்த இரவுக்குப் பின் ஐடா தம் உறுதியை மாற்றிக்கொண்டார். அமெரிக்கா திரும்பியது உண்மை. ஆனால் மருத்துவம் கற்பதற்கே திரும்பினார். 1895இல் பிலடெல்பியா மகளிர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். பின்னர் கார்னெல் மருத்துவக் கல்லூரி மகளிர்க்குக் கதவு திறந்தபோது அங்குச் சென்று, 1899இல் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் நியூயார்க்கு வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்டுதற்கு 10,000 டாலர் உதவினார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார்.

தந்தையாரின் அருகிருந்து தொழில் பயிலலாம் என்று அவர் எண்ணியிருந்தார். அந்தோ! அவ்வாண்டே தந்தையார் மறைந்தார். எந்தத் தாயாரின் நோய்க்காக மகள் முதலில் ஓடிவந்தாரோ, அத்தாயாரோ அதன்பின் பல்லாண்டு மகளுடன் வேலூரில் வாழ்ந்து, அவர் எழுப்பிய நிலையங்களைக் கண்ணாரக் கண்டார்.

தனித்து நின்ற அம்மையார் முதலில் ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சை தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. நோயாளர் வர இயலாத ஊர்களுக்குத் தாமே சென்றார். பெங்களூர் இருப்புப்பாதையில் நாம் கடந்து செல்லும் குடியேற்றம் நிலையத்தை அன்பர்கள் அறிவர். அக் குடியேற்றத்துச் சாலையில், மர நிழலில் வண்டியை நிறுத்திப் புண்ணைக் கழுவுவதும் மருந்து கொடுப்பதும் அவர் வழக்கமாயின. 1909இல் செவிலியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. பெண்கள் மருத்துவம் கற்க முன்வரமாட்டார் என்றோர் வியக்கும் வண்ணம் விண்ணப்பங்கள் குவிந்தன. முதல் அணியினர் 1922இல் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர்.

பின்னர் ஓர் இடையூறு நேர்ந்தது. மருத்துவக் கல்வி இனிப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகவே நடைபெற வேண்டும் எனச் சென்னை அரசு விதித்தது. அதற்கேற்ற கட்டடமும் ஆசிரியரும் பொருளும் இன்றேல் பள்ளியை மூடுவதன்றி வேறு வழியில்லை. எழுபது வயது கடந்த அம்மையார் 1941இல் மீண்டும் கடல் கடந்து, நகர் நகராகச் சென்று பொருள் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புத் தொடங்கியது, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பெற்றனர். 1946இல் ஓய்வு பெற்ற அம்மையார் கோடைக்கானலில் வாழ்ந்து, 1960ஆம் ஆண்டு மே திங்களில் இயற்கை எய்தினார். ஒற்றைப் படுக்கையில் தொடங்கிய நிலையம் இன்று ஆயிரக்கணக்கான படுக்கைகளுடன் விளங்குகின்றது.

எம் அனுபவம் ஒன்றையும் இங்குச் சொல்லத் துணிகின்றோம். சில ஆண்டுகட்கு முன் ஆரணிக்கருகில் எம் அன்னையார் நோயுற்றபோது பத்து நாள் விடுப்பில் சென்றோம். பத்தாம் நாள் சற்றுத் தேறியிருந்தார். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டோம். தீபாவளிக்கு முன்னரே அவர் மறைந்தார். பதினோராம் நாளும் இருந்திருக்கலாம் என்று இன்றும் நெஞ்சு சொல்கின்றது. ஐடா அம்மையாரைப் போல நம்மால் ஒரு நிலையத்தை எழுப்ப இயலாது. எனினும், தாய்க்காக வந்த அவர், வாயிலில் நின்ற அயலாரின் துன்பத்தையும் தம் துன்பமாகக் கொண்டாரே, அதில் ஒரு சிறு பகுதி நமக்கும் ஆகும்.

நம் சங்கத்து உறுப்பினர் குடும்பங்களிலிருந்து வேலூர் செல்வோர் பலர். அவர்களுள் துணையின்றிச் செல்லும் முதியோரும் உளர். விடுமுறை நாளில் ஒருவர் உடன் சென்று, சீட்டு வாங்கிக் கொடுத்து, வரிசையில் நின்று உதவினால் அது பேருதவியாகும். அதற்கென இளைஞர் குழு ஒன்றை இவ்வாண்டே சங்கம் அமைக்க வேண்டும் என்று வேண்டுகின்றோம். முதற் பெயராக எம் பெயரைச் சேர்த்துக்கொள்க. இளைஞர் அல்லேம் எனினும், காட்பாடிக்கு வழி நன்கறிவோம்.