டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

நம் இரும்பையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திண்டிவனத்தில்தான் இவ்வரலாறு தொடங்குகிறது. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, அமெரிக்காவில் பயின்று, நோயுற்ற தாயாருக்கு உதவ 1890-இல் அங்கு வந்தார். தந்தையார் மருத்துவர். ஓரிரவு மூன்று ஆடவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காக்க ஐடாவை அழைத்தனர். அவரோ மருத்துவம் அறியாதவர். தந்தையார் வருவார் என்றால், ஆண் மருத்துவர் கூடாது என்று மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

ஐடா 1899-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1902-இல் வேலூரில் மருத்துவமனை எழுந்தது. ஆனால் ஒரு டாக்டர் எத்தனை கிராமங்களுக்குத்தான் போவார்? ஆகவே 1918-இல் நம் நாட்டுப் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

பின்னர்தான் பெருஞ்சோதனை. பட்டப்படிப்பு இல்லாத மருத்துவப் பள்ளிகள் நீடிக்க இயலாது என்றது அரசு. பல நாட்டுத் திருச்சபைகள் சேர்ந்து நடத்தினால் பிழைக்கலாம். ஆனால் ஆண்களையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்கென்றே நிதி திரட்டிய அமெரிக்கத் தோழியர் சிலர் இதை எதிர்த்தனர். அம்மையார் தயங்கினார், பின் இசைந்தார். எழுபது வயதில் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி கேட்டார். மருத்துவமனை கட்டியதைவிட இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1942-இல் பட்டப்படிப்பு வந்தது. 1947-இல் ஆண்களும் சேர்ந்தனர். அம்மையார் 1960-இல் கொடைக்கானலில் காலமானார்.