டி. கே. பட்டம்மாள்

தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாள் (மார்ச் 1919 – சூலை 16, 2009) காஞ்சிபுரத்தில் பிறந்த கருநாடக இசைப் பாடகி ஆவார். எம். எஸ். சுப்புலட்சுமி, எம். எல். வசந்தகுமாரி ஆகியோருடன் சேர்த்துப் பெண் மும்மூர்த்திகளுள் ஒருவராக இவர் குறிப்பிடப்படுகிறார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பரப்பியமைக்காகவும் பல்லவி பாடும் ஆற்றலுக்காகவும் அறியப்பட்டவர். தமிழ்த் திரைப்படங்களில் திரையில் தோன்றாமல் குரல் மட்டும் கொடுத்த தொடக்ககாலக் கலைஞர்களுள் இவரும் ஒருவர்.

இளமைக்காலம்

பட்டம்மாளின் இயற்பெயர் அலமேலு. தந்தை தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதர். குடும்பப் பெயரிலுள்ள தாமல், காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர். தாயார் காந்திமதி நன்றாகப் பாடக்கூடியவர். எனினும், ஆசாரம் மிகுந்த அக்குடும்பத்தில் உறவினர் முன்னிலையில்கூட அவர் பாட அனுமதிக்கப்படவில்லை. இத்தகைய வீட்டிலிருந்து ஒரு பெண் மேடையேறியது அக்காலத்தில் எளிய செயலன்று. இசையில் ஈடுபாடு கொண்ட தந்தையே மகளுக்கு முதலில் தோத்திரப் பாடல்களைக் கற்பித்தார்.

பட்டம்மாள் குருகுல முறையில் பயின்றவர் அல்லர். காஞ்சிபுரத்தில் நடைபெறும் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியதும், சகோதரர்களின் உதவியுடன் தாம் கேட்ட கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி எழுதி வைத்துக்கொள்வார். அவ்வூரில் தியாகராசர் உற்சவத்தைச் சிறப்பாக நடத்திவந்த காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் (1889–1934) கச்சேரிகள் இவரிடம் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தின. லய நுணுக்கத்தில் பெயர் பெற்றவர் நாயனாப் பிள்ளை. பட்டம்மாளின் பிற்காலப் பல்லவித் திறனுக்கு வேர் இங்கேயே உள்ளது எனலாம். பின்னர் அம்பி தீட்சிதர், டி. எல். வெங்கடராம ஐயர் ஆகியோரிடம் தீட்சிதர் கீர்த்தனைகளையும், பாபநாசம் சிவனிடம் அவருடைய பாடல்களையும் கற்றார்.

சிறுமியாக இருந்தபோதே சென்னை மாநகராட்சி நடத்திய வானொலியில் பாடினார். 1932ஆம் ஆண்டில் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் இவருடைய முதல் கச்சேரி நடைபெற்றது. இராகம்-தானம்-பல்லவி ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட அக்காலத்தில் அதை மேடையில் பாடித் தடையை உடைத்தார்.

திரைக்குப் பின்னால்

தமிழில் பேசும் படங்கள் 1931இல் தொடங்கின. முதற்சில ஆண்டுகளில் நடிப்பவரே படக்கருவியின் முன் நின்று பாடவேண்டியிருந்தது. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தயாரித்த நந்தகுமார் (1938) படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். அதே தயாரிப்பாளரின் ஸ்ரீவள்ளி (1945) படத்தில், ஏற்கெனவே படமாகிவிட்ட காட்சிகளில் நடிகை ருக்மணியின் பாட்டுகளை நீக்கி, பி. ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. ஒருவர் உருவமும் மற்றொருவர் குரலும் இணைவது இவ்வாறே வழக்கமாயிற்று.

பட்டம்மாளைத் திரையுலகிற்கு அறிமுகப்படுத்தியவர் பாபநாசம் சிவன். கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமி (1939) படத்தின் இறுதிப் பகுதியில் இடம்பெறும் தேச சேவை செய்ய வாரீர் என்ற பாடலை இவர் பாடினார். எந்த நடிகையின் வாயசைப்புக்காகவும் இன்றி, தொண்டர்கள் செல்லும் காட்சியின் மேல் ஒலிக்கும் குரலாகவே அது அமைந்தது. கல்கியின் கதையைக் கொண்ட அப்படத்தை ஆங்கில அரசு பின்னர் தடை செய்தது.

இதே இயக்குநரின் சேவாசதனம் (1938) வழியாக எம். எஸ். சுப்புலட்சுமி நடிகையாகப் புகழ்பெற்றிருந்தார். பட்டம்மாள் அவ்வழியில் செல்லவில்லை. நடிக்காமல் குரல் மட்டும் கொடுக்கும் முறை, ஆசாரக் குடும்பத்துப் பாடகி ஒருவருக்குத் திரைப்படத்தில் இடம்பெற வாய்ப்பாக அமைந்தது. அப்போதும் கிடைத்த பாடல்களையெல்லாம் இவர் ஏற்கவில்லை. பக்திப் பாடல்களையும் நாட்டுப்பற்றுப் பாடல்களையும் மட்டுமே பாடினார், காதற்பாடல்களை மறுத்துவிட்டார். பின்னணிப் பாடகரை மாதச் சம்பளத்தில் அமர்த்தும் வழக்கம் படநிலையங்களில் இருந்த காலத்திலும், கச்சேரியையே தொழிலாகக் கொண்டிருந்ததால் இவ்வாறு தேர்ந்தெடுக்க இவரால் முடிந்தது. இவருடைய திரைப்பாடல்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

1947 சனவரியில் வெளியான நாம் இருவர் படத்தில் ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே உள்ளிட்ட பாரதியார் பாடல்களை இவர் பாட, சிறுமி குமாரி கமலா ஆடினார். சுதந்திரம் அடைந்துவிட்டதாகக் கொண்டாடும் அப்பாடல், நாடு விடுதலை பெறுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே திரையரங்குகளில் ஒலித்தது. அதே ஆண்டு ஆகத்தில் விடுதலை நாளையொட்டிச் சென்னை வானொலியிலும் பட்டம்மாள் பாடினார். பன்னிரண்டு வயதளவான ஆடற்சிறுமிக்கு இருபத்தேழு வயதுக் கச்சேரிப் பாடகியின் கனத்த குரல் பொருந்துமா என்ற ஐயம் இன்று எழலாம். அன்றைய மக்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. படம் பெருவெற்றி பெற்றது.

இதைத் தொடர்ந்து வேதாள உலகம் (1948), வாழ்க்கை (1949) ஆகிய ஏவிஎம் படங்களிலும் பாரதியார் பாடல்களைப் பாடினார். பாரதியாரின் படைப்புகள் 1949இல் அரசுடைமையாக்கப்படுவதற்கு முன்பு, அவருடைய பாடல்களைத் திரையில் பயன்படுத்தும் உரிமை மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ஏட்டில் படித்தறியாத எளிய மக்களிடமும் பாரதியைக் கொண்டுசேர்த்ததில் இப்பாடல்களுக்குப் பங்குண்டு.

பின்னர் பல்லாண்டுகள் இவர் கச்சேரி மேடையிலேயே நிலைத்திருந்தார். கமல்ஹாசன் இயக்கி, இளையராஜா இசையமைத்த ஹே ராம் (2000) படத்திற்காக வைஷ்ணவ ஜனதோ பாடலைப் பாடியபோது இவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

விருதுகளும் குடும்பமும்

சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதை 1970ஆம் ஆண்டில் பெற்றார். 1971இல் பத்ம பூசண், 1998இல் பத்ம விபூசண் ஆகிய விருதுகள் வழங்கப்பட்டன. கணவர் ஆர். ஈசுவரன். தம்பி டி. கே. ஜெயராமன் இவருடன் இணைந்து பாடியவர். பின்னாளில் அவரும் சங்கீத கலாநிதி ஆனார். கருநாடக இசையிலும் திரைப்படப் பின்னணியிலும் பாடிவரும் நித்யஸ்ரீ மகாதேவன் இவருடைய பேத்தி ஆவார். பட்டம்மாள் 2009 சூலை 16 அன்று, தம் தொண்ணூறாவது வயதில், சென்னையில் காலமானார்.