கோதுமை அறிஞரின் ரோஜாத் தோட்டம்

மரக்காணத்து உப்பளங்களைக் காணாதவர் நம் கல்லூரியில் சிலரே இருப்பர். புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலை வழியே சென்னைக்குச் செல்லும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் போதும். சதுரம் சதுரமாய்ப் பாத்திகளும், வெண்குன்றுகள் போன்ற உப்புக் குவியல்களும், அவற்றை மூடிய ஓலைகளும் கண்ணில் படும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்பர் அறிஞர். அவ்வூரின் அருகே பிறந்தவன் நான். என் தந்தையார் கோடை மாதங்களில் உப்பு வாருகிறவர். உப்பளத்துப் பிள்ளைக்கு ரோஜாவைப் பற்றி என்ன எழுத்து என்று நண்பர்கள் நகைக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளியில் படித்த நாளில் என் அக்கா ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து மஞ்சள் ரோஜாச் செடி ஒன்றை வாங்கி வந்தாள். நல்ல தொட்டி, ஏரி வண்டல், மக்கிய எரு எல்லாம் இட்டு வைத்தோம். வாங்கி வந்தபோது இருந்த இரண்டு மொட்டுகளும் மலர்ந்தன. தெருவே வந்து பார்த்தது. அதன்பின் இலைகளின் விளிம்பு தீய்ந்தது. ஐப்பசி மழையில் இலைமீது கரும்புள்ளிகள் விழுந்தன. அடுத்த சித்திரைக்குள் செடி வெறும் குச்சியாயிற்று. தன் கைக்கு ராசியில்லை என்று அம்மா வருந்தினாள். சில வாரம் கழித்து அடித்தண்டிலிருந்து ஒரு புதுத்தளிர் வந்தது. மகிழ்ந்தோம். ஆனால் அதில் பூத்ததோ சிறிய இளஞ்சிவப்புப் பூ! பண்ணைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அக்கா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் தாவரவியல் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். ஏமாற்று ஒன்றுமில்லை, மஞ்சள் ரோஜா வேறொரு செடியின் வேரில் மொட்டு ஒட்டப்பட்டது, மேலே இருந்தது மடிந்தது, கீழே இருந்தது பிழைத்தது என்றார் அவர். பின்பு நூலகத்திலிருந்து ஒரு பழைய ஆங்கில நூலை எடுத்துத் தந்தார். இந்தியாவில் ரோஜா வளர்ப்பது பற்றி 1966 இல் வெளிவந்த நூல் அது. எழுதியவர் பி. பி. பால். அப்படித்தான் அப்பெரியாரை நான் அறிந்தேன்.

பெஞ்சமின் பியாரி பால் 1906 ஆம் ஆண்டு மே 26 ஆம் நாள் பஞ்சாபில் முகுந்த்பூர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர், பர்மாவில் பணியாற்றியவர். ஆகவே பிள்ளைப் பருவமெல்லாம் பர்மாவில் கழிந்தது. மேமியோ என்ற குளிர்ந்த மலையூரில் பள்ளிப் படிப்பு. ரோஜாமீது அவருக்கு ஆசை பிறந்தது அங்குதான். இரங்கூன் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார்.

கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஒருவர் ரோலண்ட் பிஃபன். கோதுமையில் மஞ்சள் துரு என்னும் பூஞ்சை நோயை எதிர்க்கும் ஆற்றல் மெண்டல் வகுத்த விதிப்படியே தலைமுறைக்குத் தலைமுறை இறங்கி வருகிறது என்று 1905 இல் காட்டியவர் அவர். இன்று நமக்கு இது பாடப்புத்தகத்து ஒரு வரி. அன்று அது பெரும் நம்பிக்கை. நிறமும் உயரமும் போல நோய் தாங்கும் குணமும் பெற்றோரிடமிருந்து வருமானால், அதைக் கலப்பினால் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுவர முடியுமல்லவா? பால் 1933 இல் முனைவர் பட்டம் பெற்று, சிறிது காலம் பர்மாவில் நெல் ஆராய்ச்சியில் இருந்து, அவ்வாண்டே பீகாரில் பூசா என்னும் ஊரிலிருந்த அரசு வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

சேர்ந்து சில மாதங்களே ஆயின. 1934 சனவரி 15 இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஆராய்ச்சி நிலையக் கட்டடம் பாழ்பட்டது. 1936 இல் நிலையம் தில்லிக்கு மாற்றப்பட்டது. பெயரும் கூடவே வந்துவிட்டது. தில்லியில் அவ்விடத்தை இன்றும் பூசா என்றே அழைக்கின்றனர்.

அவருடைய தலையாய பணி கோதுமை. கருந்துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு எனத் துரு நோய் மூன்று வகை. ஒன்றைத் தாங்கும் கோதுமை மற்றொன்றுக்கு இரையாகும். இங்கே நம் நாட்டார் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வடநாட்டுச் சமவெளியின் கோடையில் துருப்பூஞ்சை பிழைக்காது. மலைகளில் ஒளிந்திருந்து, குளிர்காலத்தில் காற்றேறி மீண்டும் சமவெளிக்கு வரும். ஆக்ராவில் இருந்த கே. சி. மேத்தா என்னும் அறிஞர் இதைக் கண்டறிந்தார். அவ்வாறு ஒளியும் இடங்களில் நம் நீலகிரியும் பழனி மலையும் அடங்கும்! பாலின் நிறுவனத்துக்கு நீலகிரியில் வெலிங்டனில் ஒரு கோதுமை நிலையம் இருப்பதன் பொருள் எனக்கு இதைப் படித்த பின்பே விளங்கிற்று.

வெவ்வேறு வகைகளில் சிதறிக் கிடந்த எதிர்ப்பாற்றலை ஒரே செடியில் சேர்க்க வேண்டும். கலப்பது, விதைப்பது, நோயை வேண்டுமென்றே தூவுவது, மடிந்தவற்றை விட்டு நின்றவற்றை எடுப்பது, மீண்டும் கலப்பது. ஆண்டுக்கு ஒரு பருவம்தான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்படியே சென்றன. 1954 இல் என்.பி. 809 என்னும் கோதுமை வந்தது. மூன்று துருவையும் தாங்கியது. உலகம் பாராட்டியது. ஆனால் பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. அது புதுப் புது இனமாய் மாறிக்கொண்டே வரும். பின்னாளில் மெக்சிகோவிலிருந்து வந்த குட்டைக் கோதுமைகள் வயலைப் பிடித்துக்கொண்டன. அதற்கும் துணை நின்றவர் பாலே. 1950 முதல் 1965 வரை தில்லி நிறுவனத்தின் இயக்குநராகவும், 1965 முதல் 1972 வரை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். விஞ்ஞானி ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை. நம் கும்பகோணத்து எம். எஸ். சுவாமிநாதன் 1954 இல் தில்லி நிறுவனத்தில் சேர்ந்தபோது அதன் இயக்குநர் இவரே.

இனி ரோஜாவுக்கு வருவோம்.

ரோஜாவைக் கலப்பது கோதுமையைக் கலப்பது போன்றதே. கை மட்டும் இன்னும் மென்மையாக இருக்க வேண்டும். மலர விழையும் மொட்டை விடியற்காலையில் பிரித்து, இதழ்களையும் மகரந்தப் பைகளையும் நீக்கிக் காகித உறையிட்டு மூட வேண்டும். சூலகமுடி பிசுபிசுக்கும் வேளையில் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். காய் பழுக்க மூன்று நான்கு மாதம் ஆகும். விதைகளைச் சில வாரம் குளிரில் வைத்தால்தான் முளைக்கும். அப்போதும் பாதிக்குமேல் முளைக்காமல் போகலாம். முளைத்தவற்றில் தாயைப் போலவோ தந்தையைப் போலவோ பூப்பது அரிது. நூற்றுக்கணக்கில் பூக்க வைத்து ஒன்றிரண்டைத் தேர்ந்து மற்றவற்றைக் குப்பையில் இட வேண்டும். தேர்ந்ததை மொட்டு ஒட்டிப் பெருக்கினால், பெருகியவை யாவும் அந்த ஒரு செடியின் உடலே.

இதிலே மஞ்சளின் கதை தனிக் கதை. மேனாட்டுத் தோட்ட ரோஜாக்களில் வெளிர்மஞ்சள் இருந்தது. கண்ணைப் பறிக்கும் அடர்மஞ்சள் இல்லை. பாரசீக மஞ்சள் என்றொரு ரோஜாவில் அந்நிறம் உண்டு. ஆனால் அது ஆண்டுக்கொருமுறையே பூக்கும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்துப் பெர்னே துஷே அதைத் தோட்ட ரோஜாவோடு கலந்து கலந்து பல ஆண்டு காத்திருந்து, 1900 இல் சோலேய் தோர் என்னும் ரோஜாவை வெளியிட்டார். தங்கக் கதிரவன் என்று பொருள். இன்றைய மஞ்சள் ரோஜாக்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. ஆனால் நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆட்படும் குணமும் அவ்வழியே இறங்கிற்று. ஐப்பசியில் எங்கள் தொட்டிச் செடிமேல் விழுந்த புள்ளிக்குப் பாரசீகத்தில் வேர் இருந்தது. அம்மாவின் கையில் அன்று.

பால் தம் ஓய்வு நேரத்தில் ரோஜாவைக் கலக்கப் புகுந்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது என எண்ணுகிறேன். நம் பூங்காக்களை அலங்கரித்த ரோஜாக்கள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் செருமனியிலும் மென்மையான வெயிலில் முளைத்து, அங்கே பூத்து, அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவை. இங்கு வந்ததும் நிறம் வெளுக்கும், இதழ் சுருங்கும், செடி நலியும். உடனே நம் மண்ணைக் குறைகூறுவோம். அயல்நாட்டுக் கோதுமையை அப்படியே விதைத்துவிட்டு விளையவில்லை என்று அழும் வேளாண்மை அறிஞர் உண்டா? கோதுமைக்கு ஒரு நியாயம், ரோஜாவுக்கு ஒரு நியாயம் என்று பால் கொள்ளவில்லை. தில்லியின் எரிக்கும் கோடைக்கும் நடுக்கும் தைக்கும் நடுவில் விதை முளைக்கட்டும். அங்கே நிற்பது எதுவோ அதுவே அவ்வூர் ரோஜா.

1962 இல் ரோஸ் ஷெர்பத் என்னும் மணமிக்க ரோஜாவை வெளியிட்டார். அணு விஞ்ஞானி ஹோமி பாபா 1966 இல் விமான விபத்தில் மறைந்தார். இரண்டாண்டு கழித்துத் தம் வெள்ளை ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார் பால். சிவப்பும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாய் அவர் உண்டாக்கியவை இன்னும் பல. இந்திய ரோஜாச் சங்கத்தை நிறுவி முதல் தலைவராயிருந்தார். காகிதப்பூச் செடியையும் அவர் விடவில்லை. ஓவியமும் தீட்டுவார். இத்தனைக்கும் பகலெல்லாம் கோப்புகளோடு போராடிய அதிகாரி அவர்! மூன்று பாடத்துக்கு நேரமில்லை என்று சொல்லும் என் போன்றோர் இவ்விடத்தில் சற்று நாணலாம்.

1972 இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1987 இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தம் உடைமையைத் தாம் உழைத்த நிறுவனத்துக்கே விட்டுச் சென்றார். 1989 செப்டம்பர் 14 இல் காலமானார்.

அவருடைய நூலை முடித்த விடுமுறையில் வீட்டுக்குச் சென்று அந்தத் தொட்டியை மீண்டும் பார்த்தேன். வேர்ச்செடி வேலியளவு வளர்ந்திருந்தது. எங்கள் கிணற்று நீர் கோடையில் கரிக்கும். ரோஜாவோ உப்பைப் பொறுக்காத இனம். அம்மா அந்த நீரைத்தான் ஊற்றுகிறாள். ஆயினும் இலை விளிம்பு தீயவில்லை. இந்த இளஞ்சிவப்பு ரோஜாவுக்கு எங்கள் நீர் பழகிவிட்டது போலும். நண்பன் ஒருவன் வீட்டில் மஞ்சள் ரோஜா பூத்திருந்தது. அதன் மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துச் சென்று, நூலில் கண்டபடி ஆறு மொட்டுகளில் தடவினேன். தந்தையார் உப்பளத்திலிருந்து வந்து, பூவுக்குக் காகிதத் தொப்பி போட்டிருக்கும் கோலத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கைகால் கழுவப் போனார்.

ஐந்து உதிர்ந்தன. ஒன்று காயாகிப் பழுத்தது. உள்ளே ஒன்பது விதை. அவை இப்போது நண்பன் வீட்டுக் குளிர்பெட்டியில் ஈர மணலோடு ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கின்றன. பங்குனி பிறந்ததும் விதைக்க வேண்டும். கிணற்று நீரையே ஊற்றும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றலாமே என்கிறாள் அவள்.