திடலோரம் அமர்ந்திருந்த சிறுமி: வில்மா ருடோல்ப் வாழ்க்கை வரலாறு



உடற்கல்விப் பாடவேளைக்கான மணி ஒலித்ததும் பிள்ளைகள் துள்ளிக் குதித்துத் திடலை நோக்கி ஓடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும், அந்த மகிழ்ச்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்த்துவிடுவதில்லை. காலில் குறையுள்ள பிள்ளைக்கும், மூச்சிரைப்பு நோயுள்ள பிள்ளைக்கும், பார்வை மங்கிய பிள்ளைக்கும் அந்த மணியோசையே அச்சந்தரும். உடற்கல்வி உள்ள நாளில் விடியும்போதே அப்பிள்ளைக்கு வயிறு வலிக்கும், தலை சுற்றும். பிள்ளை நடிக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில், நெஞ்சில் குடிகொண்ட அச்சம் உடலையும் வருத்தும் இயல்புடையது. அத்தகைய பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் மனத்திற்கொண்டே, இவ்வாண்டு மலரில் வில்மா ருடோல்ப் என்னும் அமெரிக்க வீராங்கனையின் வரலாற்றைக் கூற முற்படுகிறோம்.

வில்மா 1940 ஆம் ஆண்டு சூன் மாதம் 23 ஆம் நாள், அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் என்னும் நகரையடுத்த சிற்றூரில் பிறந்தார். குறைமாதக் குழந்தையாகப் பிறந்த அவரின் எடை நான்கரை இராத்தல், அஃதாவது ஏறக்குறைய 2 கிலோதான். தந்தை எட் ருடோல்ப் இருப்புப்பாதையில் சுமை தூக்கியும் கிடைத்த பிற வேலைகளைச் செய்தும் பொருளீட்டினார். தாய் பிளான்ச், வெள்ளையர் இல்லங்களில் வீட்டு வேலை செய்தார். தந்தையின் இரு மணங்களின்வழிப் பிறந்த 22 பிள்ளைகளுள் வில்மா இருபதாமவர். அக்குடும்பத்தில் வறுமைக்குக் குறைவில்லை, அன்புக்கும் குறைவில்லை.

அவர்கள் கறுப்பினத்தவர். அந்நாளில் அம்மாநிலத்தில் கறுப்பருக்கு வேறு பள்ளி, வெள்ளையருக்கு வேறு பள்ளி. பேருந்தில் கறுப்பர் பின்னிருக்கைகளிலேயே அமர வேண்டும். மருத்துவமனைகள் பலவற்றில் அவர்களுக்கு இடமில்லை.

இத்தகைய சூழலில் நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தையைத் தாக்கின. நுரையீரல் அழற்சியும் செங்காய்ச்சலும் வந்தன. அவற்றினின்றும் பிழைத்தெழுந்த குழந்தையை இளம்பிள்ளைவாதம் பற்றிக்கொண்டது. இந்நோய்க் கிருமி வாய்வழியே உடலுக்குள் புகுவது. சிலருக்கு அது முதுகுத் தண்டிலுள்ள நரம்பணுக்களை அழித்துவிடும். நரம்பின் ஏவல் கிட்டாத தசைகள் தளர்ந்து மெலிந்து போகும். வில்மாவின் இடக்கால் வலுவிழந்து, பாதம் உட்புறமாகத் திரும்பிக்கொண்டது. இந்நோய்க்கான தடுப்பூசி பயனுடையதென அறிவிக்கப்பட்டது 1955 ஆம் ஆண்டிலேதான். வில்மாவின் குழந்தைப் பருவத்தில் அத்தகைய பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை.

தாய் பிளான்ச் மனந்தளர்ந்து அமர்ந்துவிடவில்லை. ஏறக்குறைய 50 மைல் தொலைவிலுள்ள நாஷ்வில் நகரில், கறுப்பினத்தவருக்கென அமைந்த மெகாரி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருந்தது. வாரந்தவறாமல், ஈராண்டுக் காலம், மகளைப் பேருந்தில் அழைத்துக்கொண்டு அந்த அம்மையார் அங்குச் சென்று வந்தார். ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடில் அந்நாளைய கூலி இல்லை என்னும் நிலையிலுள்ள ஒரு தாய்க்கு இது எத்துணைப் பெரிய சுமை என்பதைத் தோட்டப்புறத்து அன்னையர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

காலைப் பிடித்துவிட்டுத் தசைகளுக்கு உயிரூட்டும் முறையை மருத்துவமனையில் தாய் கற்றுக்கொண்டார். அதனை வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார். நாளொன்றுக்கு நான்கு முறை, முறை வைத்துக்கொண்டு, உடன்பிறந்தோர் தங்கையின் காலை நீவிவிட்டனர். ஒரு மருத்துவர் வாரத்திற்கு ஒருமுறை செய்யக்கூடியதை ஒரு குடும்பமே கூடி நாள்தோறும் செய்தது. நலிந்த காலைத் தாங்குவதற்கு இரும்புச் சட்டம் ஒன்றும் பொருத்தப்பட்டது.

நோயின் காரணமாக வில்மாவால் உரிய வயதில் பள்ளி செல்ல இயலவில்லை. ஏழாம் வயதில்தான் கிளார்க்ஸ்வில்லில் உள்ள காப் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தார். காலில் இரும்புச் சட்டத்துடன் நடந்த சிறுமியைப் பிற பிள்ளைகள் எள்ளி நகையாடினர். அவர்கள் ஓடி விளையாடும்போது வில்மா ஓரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. காலின் நலிவைவிட, ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படாமையே அச்சிறுமியின் நெஞ்சை மிகுதியும் வாட்டியது.

வீட்டிலோ நிலைமை வேறு. முற்றத்தில் உடன்பிறந்தோர் கூடைப்பந்து ஆடினர். தங்கை நொண்டுகிறாள் என்பதற்காக அவரை அவர்கள் ஒதுக்கவில்லை. விழுந்தால் எழுந்து ஆடட்டும் என்று தங்கள் நடுவே விட்டனர். சிறிது சிறிதாகக் கால் வலுப்பெற்றது. ஏறக்குறைய 12 வயதளவில், சட்டத்தின் துணையும் சிறப்புக் காலணியின் துணையும் இன்றி வில்மா நடக்கலானார். நோய் கண்ட நாளிலிருந்து அந்நிலையை எட்ட ஏழெட்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

உயர்நிலைப் பள்ளியில், தம் தமக்கை ஆடிய கூடைப்பந்துக் குழுவில் வில்மாவும் சேர்ந்தார். சேர்ந்ததும் ஆட்டக்களத்தில் இடம் கிடைத்துவிடவில்லை. நெடுநாள் பலகையில் அமர்ந்தே காத்திருந்தார். ஓயாது சுற்றிச் சுற்றி வந்து வாய்ப்புக் கேட்ட அவருக்குப் பயிற்சியாளர் கொசு என்று செல்லப்பெயர் சூட்டினார். பின்னர்க் களமிறங்கிய அவரின் வேகத்தை, டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர் எட் டெம்பிள் கண்டு வியந்து, விடுமுறைக் காலப் பயிற்சிக்கு அழைத்தார். அப்பல்கலைக்கழகம் இருந்த ஊர் நாஷ்வில். நொண்டிக் காலுடன் எந்நகருக்குப் பேருந்தில் சென்றாரோ, அதே நகருக்கு ஓட்டக்காரியாகச் செல்லும் பேறு அவருக்கு வாய்த்தது.

வெற்றி உடனே வந்துவிட்டதென்று எண்ணற்க. உயர்நிலைப் பள்ளி மாணவியாக, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் நடைபெற்ற போட்டிகளில் ஓடிய ஓட்டங்கள் அனைத்திலும் அவர் தோற்றார். இயற்கையாக அமைந்த வேகம் மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்பதை அத்தோல்வி அவருக்குக் கற்பித்தது. 1956 ஆம் ஆண்டு, தம் 16 ஆம் வயதில், மெல்பர்ன் ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொண்டார். 200 மீட்டர் ஓட்டத்தில் இறுதிச் சுற்றுக்குத் தேர்வு பெறவில்லை. எனினும், 4 x 100 மீட்டர் அஞ்சலோட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றுத் திரும்பினார்.

நான்காண்டுகள் கழித்து, 1960 ஆம் ஆண்டு, ரோம் நகரில் ஒலிம்பிக் நடைபெற்றது. ஓட்டத்திற்கு முன்னாள் பயிற்சியின்போது ஒரு குழியில் கால் பதித்துக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. கட்டுப்போட்டுக்கொண்டு களம் புகுந்தார். 100 மீட்டர் ஓட்டத்தை 11.0 விநாடியில் ஓடி முதற் பொற்பதக்கத்தை வென்றார். பின்காற்று விதித்த அளவை மீறியிருந்தமையால் அந்நேரம் உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. 200 மீட்டர் ஓட்டத்தை 24.0 விநாடியில் முடித்து இரண்டாம் பொற்பதக்கம் பெற்றார். அஞ்சலோட்டத்தில் இறுதியாக ஓட வேண்டியவர் வில்மா. கோல் கைமாறும் வேளையில் தடுமாற்றம் நேர்ந்து, செர்மானிய வீராங்கனை முந்திக்கொண்டார். வில்மா கோலைப் பற்றிக்கொண்டு பாய்ந்தோடி அவரையும் கடந்து, 44.5 விநாடியில் தம் குழுவை வெற்றி பெறச் செய்தார். ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டப் பந்தயங்களில் மூன்று பொற்பதக்கங்கள் வென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி என்னும் புகழ் அவருக்கு உரித்தாயிற்று.

சொந்த ஊரான கிளார்க்ஸ்வில் அவரை வரவேற்க ஊர்வலமும் விருந்தும் ஏற்பாடு செய்தது. வழக்கம்போல் கறுப்பரும் வெள்ளையரும் பிரிந்து நிற்பதாயின் தாம் அதில் கலந்துகொள்ளப் போவதில்லை என வில்மா உறுதியாக நின்றார். 1960 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் நாள், அந்நகர வரலாற்றில் முதன்முறையாக இரு இனத்தாரும் ஒன்றாகக் கூடி விழா எடுத்தனர். ஒதுக்கப்படுவதன் வலியை இளமையிலேயே அறிந்தவர், தம் பொருட்டு எடுத்த விழாவில் ஒருவரும் ஒதுக்கப்படுவதை ஏற்கவில்லை.

1961 ஆம் ஆண்டில் 100 மீட்டரை 11.2 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். மறு ஆண்டு, புகழின் உச்சியில் இருக்கும்போதே, ஓட்டக்களத்தினின்றும் விலகினார். 1963 ஆம் ஆண்டு தொடக்கக்கல்வித் துறையில் பட்டம் பெற்று, தாம் பயின்ற அதே காப் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாகப் பணியேற்றார். பிள்ளைகளின் எள்ளலுக்கு ஆளான அதே பள்ளியில் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக நின்றார். 1981 ஆம் ஆண்டில், ஏழைச் சிறார்க்கு விளையாட்டுப் பயிற்சியும் கல்வித் துணையும் நல்கத் தம் பெயரில் அறநிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். மூளையில் ஏற்பட்ட கட்டியால் 1994 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள், தம் 54 ஆம் வயதில் காலமானார்.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் நாம் இழைத்த பிழையொன்று நம் நினைவுக்கு வருகிறது. அதனை மறைக்காமல் இங்குக் கூறுதல் கடமையாகும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் கல்லூரியை முடித்து முதன்முதலாகப் பணியாற்றிய தோட்டப் பள்ளியில், ஒரு கால் சூம்பிய மாணவன் ஒருவன் இருந்தான். உடற்கல்வி வேளையில் பிற மாணவர்களின் காலணிகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் காவல் காக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தோம். அதனை இரக்கம் என்று கருதினோம். மூன்றாண்டுகள் அவன் மரத்தடியிலேயே அமர்ந்திருந்தான். ஒருநாள் மாலை, பள்ளி முடிந்து அனைவரும் சென்றபின், மறந்துவிட்ட பேரேட்டை எடுக்கத் திரும்பி வந்தோம். ஆளற்ற திடலில் அவன் தன்னந்தனியே, சுண்ணாம்புக் கோட்டின்மீது, விந்தி விந்தி ஓடிக்கொண்டிருந்தான். எம்மைக் கண்டதும் களவு செய்தவனைப் போல் தலைகுனிந்து நின்றான். ஓடும் ஆசையைக் குற்றம்போல் மறைக்க அப்பிள்ளைக்கு நாமே கற்பித்துவிட்டோம் என்பது அன்றுதான் எமக்குப் புலப்பட்டது.

பெற்றோர்களே! குறையுள்ள பிள்ளையைக் கட்டாயப்படுத்தி எல்லாரோடும் ஓடவிடுவது கொடுமை. இரக்கத்தால் முற்றாக ஒதுக்கி வைப்பதும் அதனினும் குறைந்த கொடுமையன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதை வில்மாவின் குடும்பம் காட்டியுள்ளது. முதலில் மருத்துவரிடம் காட்டி, பிள்ளை செய்யத்தக்கது யாது, தகாதது யாது எனக் கேட்டறிந்து ஆசிரியரிடம் தெரிவியுங்கள். திடலில் செய்ய வேண்டிய பயிற்சியை முதலில் வீட்டு வாசலில், ஏளனம் செய்வார் இல்லாத இடத்தில், அண்ணனோ அக்காளோ உடனிருக்கச் செய்து பழக்குங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் போதும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். நேற்றைய அவனோடு இன்றைய அவனை ஒப்பிட்டு மகிழுங்கள். அச்சத்தால் வயிறு வலிக்கிறது என்று பிள்ளை கூறினால் அதட்டாமல், திடலில் எது அச்சுறுத்துகிறது எனப் பரிவோடு கேளுங்கள். குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளையும் தவறாமல் போடச் செய்யுங்கள். நாட்டில் இல்லாமற் போனதென எண்ணிய இளம்பிள்ளைவாதம் 2019 ஆம் ஆண்டு திசம்பரில் சபா மாநிலத்தில் மீண்டும் தலைகாட்டியதை மறத்தலாகாது.

ஆசிரியராகிய எமக்கும் கடமை உண்டு. ஓட இயலாதவன் பந்தை எறியலாம். எறிய இயலாதவன் இலக்கை நோக்கி உருட்டலாம். குழுவில் அவனுக்கென ஓர் இடமும், அவனால் குழுவுக்கு ஒரு புள்ளியும் கிடைக்குமாறு ஆட்டத்தை அமைப்பது ஆசிரியரின் திறமையைப் பொறுத்தது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் எல்லாரும் வில்மாவைப்போல் பொற்பதக்கம் பெற இயலாது, பெற வேண்டியதுமில்லை. கால் முற்றும் நேராகாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் திடல் சொந்தமே. அடுத்த முறை உடற்கல்வி மணி ஒலிக்கும்போது, வகுப்பறையிலோ மரத்தடியிலோ யாரேனும் பின்தங்கி நின்றால், அவரை விட்டுவிட்டு ஓடாதீர்கள். கைகொடுத்து அழைத்துச் செல்லுங்கள். வில்மாவின் உடன்பிறந்தோர் அவருக்குச் செய்ததும் அதுவே.