சென்னையை நடுங்க வைத்த 'எம்டன்' கேப்டன்: நெஞ்சில் ஈரம் இருந்த மனிதரின் கதை

அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் கறாராக இருந்தால் அவருக்கு தொழிலாளர்கள் வைக்கும் பெயர் எம்டன். ஆவடி, பூந்தமல்லி பக்கம் பெல்ட்டை தூக்கும் அப்பாவுக்கும், ஊரையே ஏய்க்கும் கில்லாடிக்கும் அதே பெயர் தான். கண்டிப்பான அப்பாவை பற்றி 2006-ல் வந்த சினிமாவுக்கு கூட முதலில் எம்டன் மகன் என்று தான் பெயர் வைத்தனர். பிறகு அது எம் மகன் ஆனது.

ஆனால் எம்டன் என்பது ஆள் பெயர் அல்ல. ஜெர்மனி நாட்டு போர்க்கப்பலின் பெயர். அந்த கப்பலில் வந்து சென்னை மீது குண்டு போட்டவர் கேப்டன் கார்ல் வான் முல்லர். நாம் நினைக்கும் 'எம்டன்' குணத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.

ராணுவ அதிகாரி மகன்

முல்லர் 1873-ம் ஆண்டு ஜூன் 16-ந்தேதி ஜெர்மனியில் உள்ள ஹனோவரில் பிறந்தார். அப்பா ராணுவ கர்னல். மகனோ 1891-ல் கடற்படையில் சேர்ந்தார். அதிகம் பேசாத கூச்ச சுபாவம். கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது மலேரியா காய்ச்சல் தாக்கியது. அந்த காய்ச்சல் கடைசி வரை அவரை விடவில்லை.

1913-ல் எம்டன் கப்பல் இவர் கைக்கு வந்தது. 1908-ல் கடலில் இறக்கப்பட்ட கப்பல் அது. நீளம் 118 மீட்டர். 12 நிலக்கரி பாய்லர்கள். மணிக்கு சுமார் 44 கிலோ மீட்டர் வேகம். 10.5 சென்டி மீட்டர் பீரங்கிகள் பத்து, டார்பிடோ குழாய்கள் இரண்டு. ஊழியர்கள் 350 பேருக்கு மேல். போர்க்கப்பல்களில் இது சின்ன ரகம் தான்.

அரை மணி நேரம் குண்டு மழை

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. எம்டன் தன்னந்தனியாக இந்திய பெருங்கடலுக்குள் நுழைந்தது. கப்பலில் இருந்தது 3 புகைபோக்கிகள். துணியால் 4-வது போலி புகைபோக்கி கட்டினார் முல்லர். தூரத்தில் இருந்து பார்த்தால் இங்கிலாந்து கப்பல் மாதிரியே இருக்கும்.

செப்டம்பர் 22-ந்தேதி இரவு சுமார் 9.30 மணி. சென்னையில் விளக்குகள் எல்லாம் ஜெகஜோதியாக எரிந்தன. கரைக்கு சுமார் 3 கிலோ மீட்டர் தூரத்தில் வந்து நின்ற எம்டன் திடீரென சர்ச் லைட்டை போட்டது. அடுத்த நிமிடம் குண்டு மழை. மொத்தம் சுமார் 130 குண்டுகள். துறைமுகம் அருகே பர்மா ஆயில் கம்பெனியின் மண்எண்ணெய் டேங்குகள் வெடித்து தீப்பிழம்பாக எரிந்தன. சுமார் 3 லட்சத்து 46 ஆயிரம் கேலன் நாசம். ஐகோர்ட்டு சுற்றுச்சுவரிலும் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவர்கள் உள்பட குறைந்தது 5 பேர் பலியானார்கள்.

கரையில் இருந்த பீரங்கிகள் சுதாரித்து திருப்பி சுட்டன. ஆனாலும் எம்டன் சேதம் இல்லாமல் இருட்டில் மாயமானது. மறுநாள் முதல் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுடன் ஊரை விட்டு ஓடினார்கள். எம்டன் என்ற சொல் தமிழுக்கு வந்தது அப்போது தான்.

செண்பகராமன் பிள்ளை தான் எம்டனை சென்னைக்கு அழைத்து வந்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு கப்பல் பதிவேட்டில் ஆதாரம் இல்லை.

ஆளை கொல்லாத கேப்டன்

முல்லர் 20-க்கும் மேற்பட்ட சரக்கு கப்பல்களை மடக்கினார். முதலில் ஆட்களை பத்திரமாக இறக்குவார். பிறகு தான் கப்பலை மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலில் அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தனர். அந்த கப்பலை மூழ்கடிக்காமல், பிடிபட்டவர்கள் எல்லோரையும் அதிலேயே ஏற்றி அனுப்பி விட்டார். விடுதலையானவர்கள் எம்டனை வாழ்த்தி கோஷம் போட்டு விட்டு போனார்கள். எதிரி நாட்டு பத்திரிகைகளே முல்லரை பாராட்டின.

நவம்பர் 9-ந்தேதி ஆட்டம் முடிந்தது. கோகோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க போனபோது, ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்து விட்டது. அதன் ஒவ்வொரு குண்டும் 45 கிலோ. எம்டன் குண்டோ அதில் பாதி கூட இல்லை. கப்பல் சல்லடையானது. மிச்சம் இருந்தவர்களை காப்பாற்ற கப்பலை பவளப்பாறை மீது ஏற்றினார் முல்லர். அவரது ஆட்கள் 130 பேருக்கு மேல் இறந்து போனார்கள்.

சிறையும் சுரங்கமும்

கைதான முல்லர் முதலில் மால்டாவிலும், பிறகு இங்கிலாந்திலும் அடைக்கப்பட்டார். 1917-ல் சுரங்கம் தோண்டி 20-க்கும் மேற்பட்ட அதிகாரிகளுடன் தப்பினார். ஆனால் பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918-ல் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, அந்த ஆண்டே நாடு திரும்பினார்.

ஜெர்மனியின் உயர்ந்த வீர விருது கிடைத்தது. சாகசத்தை புத்தகமாக எழுதினால் பணம் கொட்டி இருக்கும். ஆனால், தன் ஆட்கள் செத்த கதையை விற்று காசு பார்க்க அவர் சம்மதிக்கவில்லை. உடல்நிலை காரணமாக 1919-ல் ஓய்வு பெற்றார். பிறகு மாகாண சட்டசபைக்கு தேர்வானார். 1923-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி இறந்தார். வயது 49 தான். பீரங்கிகளுக்கு தப்பியவரின் உடம்பை உருக்குலைத்தது கொசு கொடுத்த காய்ச்சல்.

சென்னை ஐகோர்ட்டின் கிழக்கு சுவரில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கப்பல் பெயர் நம் ஊர் பேச்சில் நிலைத்து விட்டது. ஆளை கொல்ல மனசு வராத அந்த கேப்டனின் பெயரும், அன்றிரவு சென்னையில் செத்த அப்பாவிகளின் பெயரும் தான் யாருக்கும் ஞாபகம் இல்லை.