படைத்தலைவர் ஆண்டர்சன்

தலைமை என்பது பெருமை மட்டுமன்று, பெருஞ்சுமையும் ஆகும். அச்சுமையைத் தோல்வியிலும் சிறையிலும் இறக்கி வைக்காமல் தாங்கியவர் சார்லஸ் ஆண்டர்சன்.

இவர் 1897-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவிலுள்ள கேப்டவுன் நகரில் பிறந்து, கென்யாவில் வளர்ந்தார். முதல் உலகப் போரில் கிழக்காப்பிரிக்காவில் போர் புரிந்து, வீரப்பதக்கம் பெற்றார். பின்னர் ஆஸ்திரேலியாவிற் குடியேறி, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் யங் என்னும் ஊரையடுத்துக் கால்நடைப் பண்ணை நடத்தி வந்தார்.

இரண்டாம் உலகப் போர் அவரை மீண்டும் போர்க்களத்திற்கு அழைத்தது. 1942 ஜனவரியில், மலேயாவிலுள்ள மூவார்ப் பகுதியில் ஆஸ்திரேலியப் படைப்பிரிவு ஒன்றிற்கு அவர் தலைவராயிருந்தார். அருகிலிருந்த இந்தியப் படையணியின் தலைமையகம் ஜப்பானியரின் குண்டுவீச்சிற் சிதைந்தது. எனவே, அவ்வணியின் வீரரையும் ஆண்டர்சனே நடத்தலானார். பகைவர் சூழ்ந்த வழியில் ஏறத்தாழ 15 மைல் போரிட்டுக்கொண்டே அவர்கள் பின்வாங்கினர்.

பாரிட் சுலோங் என்னுமிடத்திலிருந்த பாலத்தைப் பகைவர் முன்னரே கைப்பற்றியிருந்தனர். காயமுற்றோரையேனும் செல்லவிடுமாறு ஆண்டர்சன் வேண்டினார். அனைவரும் சரணடைய வேண்டுமென்றனர் பகைவர். அவர் அதற்கு இசையவில்லை. மேலும் அங்கே நின்றால் எல்லாரும் அழிய நேரும். ஆதலின், நடக்க வல்லவர்கள் சதுப்பு நிலத்தின் வழியே தப்பிச் செல்லுமாறு பணித்தார். ஏறத்தாழ 900 பேர் உயிர் பிழைத்தனர். நடக்க இயலாது அங்கே விடப்பட்ட ஏறத்தாழ 150 பேரைப் பகைவர் இரக்கமின்றிக் கொன்றனர். இத்தகைய கொடிய முடிவைத் தேர வேண்டிய நிலையும் தலைவர்க்கு வருவதுண்டு.

அவரது வீரத்திற்காக விக்டோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. ஆயினும், 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழவே, அவர் போர்க்கைதியானார். பர்மாவையும் சயாமையும் இணைக்கும் இருப்புப்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார். பசியும் பிணியும் மிக்க அக்காடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டனர். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். ஆண்டர்சன் அமைதி குலையாது, உடனிருந்தோரின் துன்பத்தைக் குறைக்க முயன்றார்.

1945-இல் விடுதலை பெற்ற அவர் தம் பண்ணைக்குத் திரும்பினார். 1949-இல், சிற்றூர் மக்களின் நலனுக்காகப் பேசிய கண்ட்ரி கட்சியின் சார்பில், ஹியூம் தொகுதியிலிருந்து ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1951-இல் தோல்வியுற்றும் சோர்ந்தாரல்லர். 1955-இல் மீண்டும் வென்று, 1961 வரை பணியாற்றினார். 1988-இல், தம் 91-ஆம் வயதில் மறைந்தார்.

வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வரும். ஏற்ற கடமையில் வழுவாது நிற்பதே ஒருவரின் உண்மைப் பெருமையாகும்.